ஒன்று தசம் இரண்டு

அருவியாறு அநுராதபுரத்தைத் தொட்டு வடமேற்கே திரும்பி, அரிப்புக்கு அண்மையில் மன்னார்க் கடலில் விழுகிறது. வழியில் தேக்கம் அணைக்கட்டில் மறித்துத் திருப்பிய அதன் நீர் கட்டுக்கரைக் குளத்தை நிரப்புகிறது. குளத்தின் அயலிலுள்ள முருங்கன் பக்கத்துக் கிணறுகளிலிருந்து மன்னார்த் தீவுக்குக் குழாய்த் தண்ணீர் வருகிறது. ஆகவே அந்தத் தீவிலுள்ள தாராபுரத்தில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாம் என்று கேள்விப்பட்டதும் பேச்சு நேரே தண்ணீரில் போய் நிற்பதில் வியப்பில்லை. ஆற்றின் மேற்பக்கத்து அநுராதபுரம் 1990களிலிருந்து சிறுநீரக நோய்க்கே பெயர்போன மாவட்டம். அந்த வருத்தம்தான் ஆற்றோடு இறங்கி வந்துவிட்டது என்று ஊர் முடிவு செய்துவிடுகிறது. சிலரது விஷயத்தில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் சொல்லவேண்டிய பதில் அதுவல்ல. காரணத்தை முந்திக்கொண்டு பெயரிட்டால் நோயை அளப்பது பிந்திப்போகும். இந்த நோயில் பிந்துவதன் விலை அதிகம்.

அநுராதபுரத்து நோயை முதலில் பார்ப்போம். நீரிழிவு இல்லை, கடும் பிரஷர் இல்லை, கல் அடைப்பும் இல்லை. ஆனால் வயலில் வேலை செய்யும் நடுத்தர வயதுக்காரரின் சிறுநீரகங்கள் மெல்லச் சுருங்குகின்றன. மருத்துவம் இதற்கு வைத்த பெயர் ‘காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்’. உலக சுகாதார நிறுவனமும் இலங்கைச் சுகாதார அமைச்சும் இணைந்து நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களின் பாதிப்புற்ற பகுதிகளில் 15 முதல் 70 வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 23 பேருக்கு இது காணப்பட்டது. வவுனியாவின் சில பகுதிகளும் பின்னர் பட்டியலில் சேர்ந்தன. தண்ணீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும், காட்மியம், ஆர்சனிக், பூச்சிமருந்து, களைகொல்லி, வெயிலில் உடல் வற்றுதல் என்று சந்தேகப்பட்டவை பல. கிளைபோசேற் களைகொல்லியை அரசு 2015இல் நாடு முழுவதும் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியது. இத்தனை பேரைக் கூண்டில் ஏற்றியும் ஒருவர் மீதும் குற்றம் ஐயமற நிறுவப்படவில்லை. பல காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வேலை செய்கின்றன என்பதே இன்று பெரும்பாலோர் சாயும் கருத்து. மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இதையொத்த நோய் உண்டு. மூன்று இடத்துக்கும் பொதுவானவை வெப்பமும் வெயிலில் உடலுழைப்பும்.

பெயரிலேயே ஒரு நிபந்தனை இருப்பதைக் கவனிக்கவேண்டும். ‘காரணம் அறியப்படாத’ என்று எழுத வேண்டுமானால், அறியப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடி இல்லையென்று உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். நீரிழிவு உண்டா? பிரஷர் எவ்வளவு, எத்தனை வருடமாக? சிறுநீரில் புரதம் கொட்டுகிறதா? கல்லோ, வயதான ஆணுக்குப் புரஸ்தகோளம் வீங்கிய அடைப்போ உண்டா? இத்தனைக்கும் விடை கிடைத்த பிறகுதான் அந்தப் பெயருக்கு இடம். உலகம் முழுவதும் நாட்பட்ட சிறுநீரக நோயின் முதல் இரண்டு காரணங்கள் நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும். தண்ணீர்மேல் பழியைப் போட்டுவிட்டு இந்த இரண்டையும் தேடாமல் விட்டால், தடுத்திருக்கக்கூடிய சேதத்தைத் தடுக்காமல் விட்டவர்களாவோம்.

அந்தத் தேடலில் ஊரைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு: நோய் பரவிய பகுதியில் வாழ்ந்தவரா? அநுராதபுரத்து விவசாயிக்கு இதற்கு ஒரு சொல்லில் பதில் வரும். தாராபுரத்து முஸ்லிம்களுக்கு வராது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் எல்லாரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளம் பக்கத்தில் முகாம்களிலும் குடியேற்றங்களிலும் இருபது வருடம்போல வாழ்ந்தார்கள். 2009இல் போர் முடிந்த பிறகு ஒரு பகுதியினர் திரும்பினார்கள்; சிலர் இன்றும் இரண்டு இடத்திலும் கால் வைத்திருக்கிறார்கள். இப்போது அறுபது வயதாகும் ஒருவர் இளமையில் குடித்தது தீவின் மணற்கிணற்று நீர், நடுவயதில் குடித்தது புத்தளத்து நீர், இப்போது குடிப்பது முருங்கன் குழாய்நீர். இடையில் அநுராதபுரம் பக்கம் வயல்வேலைக்கோ வியாபாரத்துக்கோ போய்த் தங்கியிருந்தால் அதுவும் கணக்கில் வரும். ‘எந்த ஊர்?’ என்று கேட்டு எழுதினால் கொப்பியில் ஒரு சொல்தான் விழும். ‘எந்த வருடம் எங்கே இருந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள், எந்தத் தண்ணீர் குடித்தீர்கள்?’ என்று கேட்டால்தான் சிறுநீரகத்தின் வரலாறு கிடைக்கும். இடம்பெயர்ந்த சமூகத்தில் நோய்க் காரணம் தேடுவோருக்கு இதைவிட முக்கியமான கேள்வி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி அளவுக்கு வருவோம். ஆய்வுகூடத் துண்டில் ‘கிரியேற்றினின் 1.2’ என்று இருக்கிறது. பக்கத்தில் அச்சிட்ட எல்லைக்குள்தான் இருக்கிறது. சில வைத்தியசாலைகளில் இதே அளவு வேறு அலகில் 106 என்று வரும். பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். துண்டைப் பார்த்தவர் “நோர்மல்” என்று சொல்லி மடித்து வைத்துவிடுகிறார். ஆனால் கிரியேற்றினின் என்பது தசையிலிருந்து வெளியாகும் கழிவு. தசை அதிகமுள்ளவரிடம் அதிகமாகவும் மெலிந்தவரிடம் குறைவாகவும் உற்பத்தியாகும். 30 வயது வாட்டசாட்டமான மீனவரிடம் 1.2 என்றால், உற்பத்தியும் கூட, வெளியேற்றமும் கூட. வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டால் அவரது சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு 83 மில்லிலீற்றர் வடிகட்டுகின்றன என்று வரும். அதே 1.2 ஒரு 68 வயதுப் பெண்ணின் துண்டில் இருந்தால் கணக்கு 49 என்று சொல்லும். ஒரே இலக்கம்தான். மீனவருக்கு அதில் பெரிய கவலையில்லை. அந்த அம்மாவின் வடிகட்டும் வேகமோ 60க்குக் கீழே போய்விட்டது. அது மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். அவருக்கு நோவு இல்லை, வீக்கம் இல்லை, சலம் வழக்கம்போலப் போகிறது.

சிறுநீரகம் இப்படி மௌனமாக இருப்பதற்குக் காரணம் அதன் தாராளம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் சிறுநீரகத்திகள்; பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த அதே சிறுநீரகத்திதான். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லீற்றர் திரவத்தை வடித்து, ஒன்றரை லீற்றர்போல மட்டும் வெளியே விட்டு மிச்சத்தை உடலுக்கே திருப்பித் தருகின்றன. சிறுநீரகத்திகள் சில செத்தால் மற்றவை கூடுதல் சுமை ஏற்கும். ஒருவரின் கிரியேற்றினின் 0.7இல் இருந்து 1.4 ஆகும்போது துண்டில் பார்க்கச் சின்ன ஏற்றம். உள்ளே பாதி வேலைத்திறன் போய்விட்டது. 4இல் இருந்து 5 ஆகும்போது எல்லாரும் பதறுவார்கள். அதில் இழந்தது முன்னதோடு ஒப்பிட மிகக் கொஞ்சம். பதறவேண்டிய நேரத்தில் பதறாமல், காப்பாற்ற அதிகமில்லாத நேரத்தில் பதறுகிறோம். பழைய துண்டுகளைத் தூக்கி வீசாமல் கிளினிக் கொப்பியில் ஒட்டி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். 0.8, 0.9, 1.1, 1.2 என்று நான்கு வருடத்து இலக்கங்கள் வரிசையாக நின்றால் எந்த வைத்தியருக்கும் விஷயம் விளங்கும்.

குருதிப் பரிசோதனை ஒரு கண் என்றால் சிறுநீர்ப் பரிசோதனை மற்றக் கண். குருதியை வடிக்கும் சல்லடை ஓட்டையானால் அல்புமின் என்ற புரதம் கசியும். வழக்கமான காகிதப் பட்டி நிறம் மாறுவதற்குள் கசிவு ஓரளவு முற்றியிருக்கும். அதற்கு முந்திய கட்டத்தைப் பிடிக்க, சிறுநீரில் ஒரு கிராம் கிரியேற்றினினுக்கு எத்தனை மில்லிகிராம் அல்புமின் என்று விகிதமாகப் பார்க்கவேண்டும். 30ஐத் தாண்டினால் கவனம். வெறும் அளவாகப் பாராமல் விகிதமாகப் பார்ப்பது ஏனென்றால், மன்னார் வெயிலில் வியர்த்து வந்தவரின் சிறுநீர் செறிந்திருக்கும், ஒரு போத்தல் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும். விகிதம் அந்த வேறுபாட்டைச் சரிக்கட்டிவிடும். இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. நீரிழிவு சிறுநீரகத்தைத் தொடும்போது பெரும்பாலும் சிறுநீரில்தான் முதலில் தெரியும். கிரியேற்றினின் வருடக்கணக்கில் ஒன்றும் சொல்லாது. அநுராதபுரத்து நோயோ சல்லடையை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள குழாய்களையும் இழையத்தையும் அரிப்பது. அதில் அல்புமின் கசிவு தொடக்கத்தில் இல்லை, அல்லது சொற்பம், கிரியேற்றினின்தான் காட்டிக்கொடுக்கும். சிறுநீரை மட்டும் பார்ப்பவர் ஒன்றைத் தவறவிடுவார், குருதியை மட்டும் பார்ப்பவர் மற்றதைத் தவறவிடுவார். எந்த நோய் என்று ஊகித்துக்கொண்டு பரிசோதனையைத் தெரிவது தலைகீழான வேலை. இரண்டையும் சேர்த்துச் செய்தால், எந்தப் பக்கம் தேடவேண்டும் என்பதை விடைகளே சொல்லும்.

வயதானால் வடிகட்டும் வேகம் குறைவது இயல்புதானே, இப்படிக் கணக்குப் போட்டு ஊரில் உள்ள வயதானவர்களையெல்லாம் நோயாளி ஆக்கிவிடலாமே என்று ஒரு மறுப்பு உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. 75 வயதில் 55 என்று வந்து, அல்புமின் கசிவு சிறிதும் இல்லாமல், வருடங்களாக அதே இடத்தில் நிற்பவரைப் பயமுறுத்துவது வீண். ஆனால் இரண்டு இலக்கங்களையும் சேர்த்துப் படிக்கச் சொல்வதே அதற்காகத்தான். அதே 55 கசிவோடு வந்தாலும், 40 வயதில் வந்தாலும் கதை வேறு. ஒருநாள் பரிசோதனையை நம்பித் தீர்ப்பு எழுதவும் கூடாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முதல்நாள் கடும் உழைப்பு, முந்திய இரவு வயிறார இறைச்சி எல்லாம் கிரியேற்றினினையோ அல்புமினையோ தற்காலிகமாக உயர்த்தும். எலிக்காய்ச்சலிலும் புடையன் பாம்புக்கடியிலும் சிறுநீரகம் சில நாட்களில் நின்றுபோய், பிறகு பெரும்பாலோரிடம் தேறும். அப்படித் தேறியவர்களிலும் சிலருக்கு நிரந்தரச் சேதம் தங்கிவிடும் என்பதால் அவர்கள் பின்னரும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் என்ற எல்லை, வந்துபோகும் பழுதையும் தங்கிவிட்ட பழுதையும் பிரிக்க வைத்தது. ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கியிருந்தால் பழுது பழையது என்று பொருள். ஆனால் நீரிழிவுக்காரரின் சிறுநீரகம் பழுதான பிறகும் அளவில் பெரும்பாலும் குறையாது. “ஸ்கேனில் எல்லாம் சரி” என்ற ஆறுதல் அவர்களுக்குப் பொருந்தாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: காரணமே தெரியாத நோய்க்கு, குணமாக்கவும் வழியில்லாத நோய்க்கு, முந்திக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? போன சிறுநீரகத்தி திரும்பாது என்பது உண்மை. ஆனால் மிஞ்சியவை சாகும் வேகத்தைக் குறைக்கலாம், அதற்குக் காரணம் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2001இல் வெளியான ரெனால் ஆய்வில் நீரிழிவால் சிறுநீரகம் பழுதான 1,513 பேரில் லொசார்டன் என்ற பிரஷர்க் குளிசை எடுத்தவர்கள் இறுதிக் கட்டத்துக்குப் போகும் வாய்ப்பு 28 வீதம் குறைந்தது. 2020இல் வந்த டாபா சிகேடி ஆய்வு, நீரிழிவுக்கென்று உருவாக்கிய டாபாகிளிபுளோசின் குளிசை நீரிழிவு இல்லாதவர்களின் சிறுநீரகத்தையும் காக்கிறது என்று காட்டியது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் அல்புமின் கசிவு உள்ளவர்கள். கசிவு சொற்பமான அநுராதபுரத்து வகை நோய்க்கு அந்த முடிவை அப்படியே நீட்டுவது அவசரம். அங்கே இன்னும் நம்பக்கூடியவை பிரஷரை 130க்கு 80க்குள் வைத்திருப்பது, உப்பைக் குறைப்பது, நஞ்சுகளைத் தவிர்ப்பது, வெயிலில் உடலை வற்றவிடாதிருப்பது. மருந்தைத் தேர்வதிலும் பரிசோதனை இலக்கம்தான் வழிகாட்டுகிறது.

“குளிசை தின்று தின்றுதான் கிட்னி போனது” என்ற பேச்சு தீவில் மட்டுமல்ல, தமிழ் பேசும் எங்கும் உண்டு. பிரஷர்க் குளிசை பத்து வருடம் எடுத்தவருக்குச் சிறுநீரகம் பழுதாகும்போது, குற்றம் பத்து வருடப் பிரஷர்மேல் விழாமல் குளிசைமேல் விழுகிறது. இந்தச் சந்தேகத்துக்குத் தீனிபோடும் உண்மையொன்றும் உண்டு: லொசார்டன், எனலாப்ரில் போன்றவற்றைத் தொடங்கிய சில வாரங்களில் கிரியேற்றினின் சற்று ஏறும். சல்லடைக்குள் இருக்கும் அமுக்கத்தை இந்த மருந்து இறக்குவதால் அன்றாட வடிப்பு கொஞ்சம் குறைகிறது. சுமையை இறக்கி வைத்து மெதுவாக நடப்பவர் நெடுந்தூரம் போவதுபோலத்தான் இது. முப்பது வீதத்துக்குள் ஏறினால் மருந்தைத் தொடரலாம். அதைத் தாண்டினால் வைத்தியர் காரணம் தேடவேண்டும். வாந்தி பேதியில் உடல் வற்றினால் இக்குளிசைகளைச் சில நாள் நிறுத்தச் சொல்வதுமுண்டு. அதைக் கிளினிக்கிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. உண்மையில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் குளிசைகள் சீட்டில்லாமல் பார்மசியில் வாங்குபவை. முதுகுநோவுக்கும் மூட்டுநோவுக்கும் மாதக்கணக்கில் விழுங்கும் டைக்ளோஃபெனக், ஐபுபுரோஃபென் வகைகள் சிறுநீரகத்துக்குப் போகும் குருதியோட்டத்தையே சுருக்கும். அளவோடு எடுத்தால் பனடோல் அவ்வளவு ஆபத்தில்லை. நாட்டு மருந்து என்பதால் மட்டும் ஒன்று சாதுவாகிவிடாது. ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை குடும்பத்துச் செடிகளிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்கவைப்பதோடு புற்றுநோயையும் தரும் என்பது நிறுவப்பட்டது. சீனி குறையும் என்று வெறும் வயிற்றில் கமரங்காய்ச் சாறும் பிலிம்பிக்காய்ச் சாறும் குடித்தவர்களின் சிறுநீரகத்தில் ஒக்சலேற்றுப் படிகங்கள் அடைத்த நிகழ்வுகள் இலங்கையிலும் கேரளத்திலும் பதிவாகியிருக்கின்றன.

தண்ணீரைப் பற்றி இன்னும் ஒன்று. நல்ல தண்ணீர் எல்லாருக்கும் வேண்டும். அநுராதபுரம் அடங்கிய வடமத்திய மாகாணத்தில் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்ததை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் வீட்டில் வடிகட்டிப் பெட்டியை மாட்டிவிட்டுப் பரிசோதனைக்குப் போகாமலிருப்பது, பூட்டை மாற்றிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். தண்ணீரை அளவுமீறிக் குடித்தால் சிறுநீரகம் கழுவப்பட்டுவிடும் என்பதும் தவறு. கனடாவில் 631 நோயாளிகளிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், வழக்கத்தைவிட அதிகம் குடிக்கவைத்ததால் ஒரு வருடத்தில் சிறுநீரகத் தேய்வு குறையவில்லை. வெயிலில் உழைப்பவருக்கு இது பொருந்தாது. மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் கொடுத்தபோது தொழிலாளரின் சிறுநீரகக் காயம் குறைந்தது. மன்னாரில் உப்பளத்திலும் கடலிலும் நிற்பவர்களுக்கு இந்தப் பாடம் நேரே பொருந்தும்.

உப்பு என்றதும் கருவாடு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருநாளைக்கு ஐந்து கிராமுக்குள், தட்டையாக ஒரு தேக்கரண்டி. கருவாட்டுக் குழம்போடு சம்பலும் சோற்று உப்பும் சேர்ந்தால் ஒரே வேளையில் அது முடிந்துவிடும். ஊறப்போட்டுக் கழுவினால் கொஞ்சம் குறையும், போய்விடாது. உப்புக்குப் பதில் கடையில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ பலவற்றில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் பழுதாகி லொசார்டன் எடுப்பவருக்கு அது இதயத்தையே நிறுத்தக்கூடும்.

தாராபுரத்தில் றமழான் நெருங்கும்போது கிளினிக்கில் ‘நோன்பு பிடிக்கலாமா?’ என்ற கேள்வி எழும். இங்கே நோன்பு 13, 14 மணிநேரம். வடிகட்டும் வேகம் 30க்குக் கீழே இறங்கியவருக்கும் டயாலிசிஸ் செய்பவருக்கும் நோன்பின் ஆபத்து கூட. நீரிழிவோடு நோன்பு பிடிப்போருக்காக எழுதிய சர்வதேச வழிகாட்டல்களும் அவர்களை உயர் ஆபத்துப் பிரிவில்தான் வைக்கின்றன. ஆரம்பக் கட்டத்தில் நிலையாக இருப்பவர் வைத்தியரிடம் கேட்டு, மருந்து நேரத்தை மாற்றி, முன்னும் பின்னும் கிரியேற்றினின் பார்த்துக்கொண்டு பிடிக்கலாம். நோயாளிக்குச் சலுகையை மார்க்கமே கொடுத்திருக்கிறது. விட்ட நோன்பைப் பிறகு பிடிக்கும் களாவும் அதற்கு ஈடாக ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவும் அதற்காக உள்ளவை. மௌலவியிடம் போகும்போது ‘எனக்குக் கிட்னி வருத்தம்’ என்று மட்டும் சொல்லாமல் அந்த இலக்கத்தையும் சொன்னால், அவருக்கும் பதில் சொல்வது எளிது.

இவ்வளவு செய்தும் சிலருக்கு வேகம் இறங்கிக்கொண்டே போகும். டயாலிசிஸை முந்தித் தொடங்கினால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. 2010இல் வெளியான ஐடியல் ஆய்வு 828 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது: முந்தித் தொடங்கியவர்கள் பிந்தித் தொடங்கியவர்களைவிட நீண்டநாள் வாழவில்லை. ஆனால் தொடங்குவதற்கு ஆயத்தமாவது வேறு விஷயம். டயாலிசிஸ் ஊசிக்குத் தேவையான குருதி இணைப்பைக் கையில் ஒரு சிறு சத்திரசிகிச்சையால் செய்து, அது முதிர வாரங்களோ மாதங்களோ காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் பாவிக்காத கையில்தான் அதைச் செய்வார்கள். ஆகவே வடிகட்டும் வேகம் 30க்குக் கீழே இறங்கிய நாளிலிருந்து, யார் குருதி எடுக்க வந்தாலும் சேலைன் ஏற்ற வந்தாலும் அந்தக் கையை நீட்டக்கூடாது. வலக்கைப் பழக்கமுள்ளவர் இடது முன்னங்கையை மடியில் வைத்துக்கொண்டு, “மற்றக் கையில குத்துங்கோ” என்று சொல்லவேண்டும்.